தைமஸ் பெப்டைடு ஊசி போட்டா எதிர்ப்பு சக்தி ஏறுமா? நைனாவுக்கு போடச் சொல்றாங்க

நகரி தறிவீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கம், வீட்லயே பவர்லூம் ஓடுது. நைனாவுக்கு 67 வயசு, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, மாத்திரைல ஓடிகினு இருக்கு. போன மழைக்காலத்துலேர்ந்து சளி புடிச்சா போவே மாட்டேங்குது, ஆன்டிபயாடிக் குடுத்தா கொஞ்ச நாள் நல்லா இருக்காரு, அப்புறம் மறுபடி இருமிகினே இருக்காரு, ஆளும் இளைச்சிட்டாரு, தறிகிட்ட நின்னா மூச்சு வாங்குது, ராத்திரில பனியன் நனையற அளவுக்கு வேர்க்குதுன்னு அம்மா சொல்லுது.

சித்தப்பா பையன் சென்னைல ஒரு வெல்னஸ் கிளினிக்குக்கு கூட்டிகினு போனான். அங்க ரத்தம் எடுத்து பாத்துட்டு, வயசானா நெஞ்சுல இருக்கிற தைமஸ் சுரப்பி சுருங்கிடும், அதனால எதிர்ப்பு சக்தி கொறைஞ்சி போச்சு, தைமோசின் ஆல்ஃபா 1-னு சிந்தெடிக் பெப்டைடு ஊசி போட்டா சுரப்பி பழையபடி வேலை செய்யும்னு சொல்லிட்டாங்க. வாரம் ரெண்டு ஊசி, மூணு மாசம், மொத்தம் ஒண்ணேகால் லட்சம். கூடவே அக்கா வீட்டுக்காரருக்கும் போட்டா சலுகை தர்றேன்றாங்க, மாமாவுக்கு கிட்னி மாத்தி வச்சிருக்கு, அவருக்கும் எதிர்ப்பு சக்தி கம்மிதானேன்னு கேக்குறாங்க. சின்ன பாட்டில் ஒண்ணை போட்டோ எடுத்து வச்சிருக்கேன், அதுல வெள்ளைப் பவுடர் இருக்கு, கம்பெனி பேரு இல்ல, ரிசர்ச் யூஸ் ஒன்லின்னு மட்டும் போட்டிருக்கு.

தெலுங்கு யூடியூப்ல ஒருத்தர் இதப் பத்தி ரொம்ப பெருமையா பேசறாரு, 30 நாட்டுக்கு மேல அனுமதி இருக்குன்றாரு. அது உண்மையா? உண்மைன்னா ஏன் நம்ம டாக்டருங்க யாரும் சொல்லலை? காசை எப்படியாவது பொரட்டிடலாம், நைனா நல்லா இருக்கணும், அவ்ளோதான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

சத்தியவேடு ரங்கு எழுதியது:

தம்பி, நான் சத்தியவேடு, வேலை ஹைதராபாத்ல, பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களை கோத்த சின்ன சங்கிலி, அத செய்யற லேப்லதான் இருக்கேன். டாக்டர் இல்ல, வைத்தியம் சொல்ல மாட்டேன், மருந்து என்னன்னு மட்டும் சொல்றேன். பெரிசா எழுதுவேன், பொறுமையா படிங்க, ஒண்ணேகால் லட்சம் சமாச்சாரம்.

மொதல்ல தைமஸ். நெஞ்செலும்புக்குப் பின்னாடி, இதயத்துக்கு மேல இருக்கிற சுரப்பி. 1961-ல ஜாக் மில்லர்ன்றவரு பொறந்த உடனே எலிக்குட்டிகளுக்கு தைமஸை எடுத்துட்டு பாத்தாரு, அதுங்களுக்கு லிம்போசைட்ன்ற வெள்ளை அணு கொறைஞ்சி தொற்று வந்து செத்துச்சு, அதுக்கு முன்னாடி வரைக்கும் இந்த சுரப்பிக்கு பெரிசா வேலையே இல்லைன்னுதான் நெனைச்சிருந்தாங்க. அந்த வெள்ளை அணுல ஒரு வகையான டி செல்லுங்க அங்க போய்த்தான் எது நம்ம உடம்பு எது அந்நியம்னு கத்துக்குது. வயசுக்கு வந்ததுக்கப்புறம் அது சுருங்கி கொழுப்பா மாறிகினே போறதும் உண்மைதான், கிளினிக்காரங்க அதுவரைக்கும் பொய் சொல்லலை. ஆனா 67 வயசுல எல்லாருக்கும் அப்படித்தான், உங்க நைனாவுக்கு மட்டும் தனியா வந்த நோய் இல்ல அது.

தைமோசின் ஆல்ஃபா 1 கத அலன் கோல்ட்ஸ்டைன்ட்ட ஆரம்பிக்குது. கன்னுக்குட்டி தைமஸ்லேர்ந்து பிரிச்சி எடுத்து, 1977-ல அதோட வரிசையை வெளியிட்டாங்க, 28 அமினோ அமிலம், மொதல் அமினோ அமிலத்துல ஒரு அசிட்டைல் ஒட்டியிருக்கும். இப்ப மாட்டுலேர்ந்து எடுக்கறது இல்ல, கெமிக்கலா கட்டறோம், அந்த சிந்தெடிக் மருந்துக்கு தைமால்ஃபாசின்னு பேரு. இதே குடும்பத்துல தைமோபென்டின்னு அஞ்சே அமினோ அமிலம் இருக்கிறது ஒண்ணு, அத கண்டுபிடிச்சவரு கிதியோன் கோல்ட்ஸ்டைன், ரெண்டு கோல்ட்ஸ்டைனும் வேற வேற ஆளுங்க, நெட்டுல ரெண்டையும் கலந்து எழுதறவங்க நெறைய. தைமோபென்டின் ரத்தத்துல அரை நிமிஷம் கூட தாங்குறது கஷ்டம், அவ்ளோ சீக்கிரம் ஒடைஞ்சிடும். மூணாவது தைமுலின், ஒம்போது அமினோ அமிலம், துத்தநாகம் சேந்தாத்தான் அது வேலையே செய்யும்.

இங்க ஒரு முக்கியமான விஷயம். தைமோசின் ஆல்ஃபா 1 ஊசி போட்டா சுருங்குன சுரப்பி திரும்ப வளராது. அது தைமஸ்ல மட்டும் இருக்கிற பொருளும் இல்ல, புரோதைமோசின் ஆல்ஃபான்னு உடம்பு முழுக்க செல்லுக்குள்ள இருக்கிற ஒரு பெரிய புரதத்தோட நுனித்துண்டுதான் அது. ஊசியா போனா டென்ட்ரிடிக் செல்லுன்னு சொல்ற காவல் செல்லுங்கள்ல இருக்கிற டிஎல்ஆர் 9, டிஎல்ஆர் 2-ன்ற உணரிங்க வழியா தட்டி எழுப்புது, அதுங்க போய் டி செல்லை உசுப்பி விடுது. ரத்தத்துல பாதியா கொறையறதுக்கு சுமாரா 2 மணி நேரம். அதனால "சுரப்பி பழையபடி ஆயிடும்"ன்ற பேச்சை விட்டுடுங்க.

அனுமதி உண்மையான்னா, உண்மைதான். இத்தாலி, சீனா மாதிரி நாடுகளோட சேத்து 30-க்கு மேலன்னு சொல்றது சரி. ஆனா எதுக்கு அனுமதின்னு பாருங்க. முக்கியமா லிவரை தாக்கற வைரஸ் நோயான நாள்பட்ட ஹெபடைடிஸ் பி, சில எடத்துல ஹெபடைடிஸ் சி, சில எடத்துல எதிர்ப்பு சக்தி அடிவாங்குன நோயாளிக்கு தடுப்பூசியோட துணையா. வழக்கமான அளவு 1.6 மில்லிகிராம், தோலுக்கு அடியில, வாரத்துக்கு ரெண்டு. அமெரிக்கால மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ இத மருந்தா அனுமதிக்கவே இல்ல. "வயசானவருக்கு அடிக்கடி சளி புடிக்குது"ன்னு எந்த நாட்டு லேபிள்லயும் நான் பாத்ததில்ல.

பாட்டில் விஷயம்தான் எனக்கு பெரிய பயம். பெப்டைடை ரெசின்னு சொல்ற குட்டி மணி மேல ஒவ்வொரு அமினோ அமிலமா கோத்துகினு போவோம், 1963-ல மெரிஃபீல்ட் கண்டுபிடிச்ச முறை, 1984-ல நோபல் குடுத்தாங்க. 28 அமினோ அமிலத்துக்கு 27 இணைப்பு. ஒவ்வொரு இணைப்பும் 99 சதவீதம் சரியா விழுந்தாலும் கடைசில முழு நீளம் வர்றது 76 சதவீதம்தான், 98-ன்னா 58-க்கு எறங்கிடும். மீதி எல்லாம் நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டுப்போன தப்பு சங்கிலி. நீங்க தறிவீடுன்றதால சொல்றேன், பாவு பிணைக்கிறப்போ ஒரு இழை விட்டுப்போனா துணி முழுக்க கோடு விழும்ல, அந்த மாதிரி. அந்த தப்பு சங்கிலிய எல்லாம் எச்பிஎல்சின்ற பிரிக்கற மெஷின்ல பிரிச்சி எடுத்து, அசிட்டேட் உப்பா மாத்தி, உறைய வச்சி உலத்தி பவுடராக்கறோம். அதுக்கு மேல மனுஷனுக்கு போடற மருந்துன்னா கிருமி இல்லாத அறையில நிரப்பணும், எண்டோடாக்சின்ன்ற பாக்டீரியா நச்சு இருக்கான்னு டெஸ்ட் வேணும், கிருமி இல்லைன்னு காட்டற ஸ்டெரிலிட்டி டெஸ்ட் வேணும், பேட்ச் நம்பர் வேணும். ரிசர்ச் யூஸ் பாட்டிலுக்கு இந்த கடைசி பாதி எதுவுமே கட்டாயம் இல்ல. 99 சதவீதம் சுத்தம்னு பேப்பர் காட்டுவாங்க, அந்த எண்ணு பெப்டைடு எவ்ளோ சுத்தம்னுதான் சொல்லும், பாட்டில்ல பாக்டீரியா குப்பை இருக்கா இல்லையான்னு அது சொல்லாது. அந்த பாட்டிலை உங்க நைனா ஒடம்புல ஏத்தாதீங்க, இத நான் கெஞ்சி கேக்கறேன்.

---

பலமநேர் பால்கோவா எழுதியது:

நான் ஹெபடைடிஸ் பி உள்ள ஆளு. ரத்ததானம் பண்ணப் போன எடத்துல தெரிஞ்சுது. வேலூர் சிஎம்சில பாக்கறேன். எனக்கும் ஒரு சொந்தக்காரரு இந்த தைமோசின் பத்தி அனுப்புனாரு, டாக்டர்ட்ட நேரா கேட்டேன். அவரு திட்டலை, உக்காத்தி வச்சி சொன்னாரு. 90-கள்ல ஹெபடைடிஸ் பி-க்கு இன்டர்ஃபெரான் தவிர பெரிசா ஒண்ணும் இல்ல, அப்ப இந்த ஊசிக்கு நல்ல மதிப்பு இருந்துச்சு, தைவான்ல எல்லாம் சோதனை பண்ணி ஓரளவு பலன் பாத்தாங்க, அப்புறம் என்டெகாவிர், டெனோஃபோவிர்னு மாத்திரைங்க வந்துச்சு, தினம் ஒண்ணு போட்டா வைரஸ் அப்படியே அடங்கிடுது, அதனால இப்ப பெரிய வழிகாட்டிங்க எல்லாம் மாத்திரையும் பெக் இன்டர்ஃபெரானும்தான் சொல்லுது, இது பின்னாடி போயிடுச்சுன்னாரு.

2018-ல ஆரம்பிச்ச தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்துல டெனோஃபோவிர் இலவசமாவே குடுக்கறாங்க. யாராவது ஹெபடைடிஸ் பி-ன்னு சொல்லி இந்த ஊசிக்கு லட்சக்கணக்குல கேட்டா மொதல்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரில விசாரிங்க. மாத்திரைய மட்டும் யார் பேச்சையும் கேட்டு நிறுத்தாதீங்க, நிறுத்துனா வைரஸ் திரும்ப எகிறி லிவரை அடிச்சிடும்.

அண்ணா, உங்க நைனாவுக்கு லிவர் பிரச்சனைன்னு நீங்க எதுவும் எழுதலை, அப்ப எந்த அனுமதிய வச்சி இத குடுக்கறாங்கன்னு கிளினிக்ல எழுதி வாங்குங்க.

---

ரேணிகுண்டா ஜங்ஷன் எழுதியது:

எல்லாரும் ஒரே பக்கமா பேசறீங்க, நான் கொஞ்சம் மறுத்து சொல்றேன், சண்டைக்கு இல்ல.

எங்க அம்மாவுக்கு கேன்சர் வைத்தியம் நடந்தப்போ வெள்ளை அணு ரொம்ப எறங்கி தொற்று மேல தொற்று, அப்ப கேன்சர் டாக்டரே தைமோசின் ஆல்ஃபா எழுதிக் குடுத்தாரு, மருந்துக்கடைல பில்லோட, பெட்டியோட, ஐஸ் பேக் வச்சி வாங்குனோம். அம்மா தேறி வந்தாங்க. அதனால்தான் தேறுனாங்கன்னு நான் சொல்லலை, ஆனா அது டுபாக்கூர் மருந்து இல்ல, நம்ம நாட்டுலயும் கம்பெனிங்க சட்டப்படி விக்குது.

இன்னொண்ணு. செப்சிஸ்னு ரத்தத்துல தொற்று பரவி ஐசியுல கெடக்கறவங்களுக்கு சீனால பெரிய சோதனை பண்ணாங்க. 2025-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. அதுல சுகர் இருக்கறவங்களுக்கும், 60 வயசு தாண்டுனவங்களுக்கும் பலன் இருக்கலாம்னு ஒரு கணக்கு வந்திருக்கு. தம்பியோட நைனா 67, சுகரும் இருக்கு. அப்ப அவருக்கு ஒரு வாய்ப்பு இருக்கலாம்ல? நல்ல கம்பெனி மருந்தா வாங்கி போட்டா என்ன தப்பு?

---

சத்தியவேடு ரங்கு எழுதியது:

ரேணிகுண்டா அண்ணா, நீங்க சொன்ன சோதனைய முழுசா பாக்கலாம், ஏன்னா கிளினிக்காரங்களும் நாளைக்கு அதத்தான் தூக்கி காட்டுவாங்க.

2013-ல ஒரு சோதனை வந்துச்சு, ஆறு ஆஸ்பத்திரி, 361 செப்சிஸ் நோயாளிங்க. 28 நாள்ல இறந்தவங்க ஊசி போட்டவங்கள்ல 26 சதவீதம், போடாதவங்கள்ல 35 சதவீதம். பாத்த உடனே எல்லாருக்கும் ஆசை வந்துச்சு, வரத்தான் செய்யும். ஆனா ஆளு கம்மி, வித்தியாசமும் நூலிழைல நின்னுச்சு. அதனால 22 எடத்துல, 1106 பேரை சேத்து, யாருக்கு மருந்து யாருக்கு வெறும் ஊசின்னு டாக்டருக்கே தெரியாம பெரிசா பண்ணாங்க, 12 மணி நேரத்துக்கு ஒரு ஊசி, ஏழு நாள். அதுதான் நீங்க சொல்ற 2025 பேப்பர். முடிவு 23.4 சதவீதமும் 24.1 சதவீதமும். ரெண்டும் ஒண்ணுதான். மருந்தால உசுரு கூடுதலா காப்பாத்தப்படலை.

அதுக்குள்ள பிரிச்சி பாத்தப்போ சுகர்காரங்களுக்கு கொஞ்சம் சாதகமா வந்துச்சு, ஒத்துக்கறேன். 60 தாண்டுனவங்களுக்கு சாய்வு மட்டும்தான், உறுதி இல்ல. ஆனா அதே கணக்குல 60-க்கு கீழ இருக்கறவங்கள்ல ஊசி போட்டவங்க அதிகமா இறந்த மாதிரி வருது. அந்த பாதிய நம்பறதுன்னா இந்த பாதியையும் நம்பணும். இந்த மாதிரி உள்பிரிவு கணக்க வச்சி அடுத்த சோதனைய பிளான் பண்ணலாம், மருந்தை எழுத முடியாது. அதுவும் அவங்க எல்லாம் ஐசியுல சாகக் கெடந்தவங்க, வீட்ல இருமிகினு இருக்கற ஒருத்தருக்கு அந்த கணக்க கொண்டாந்து ஒட்ட முடியாது.

உங்க அம்மா கதைல நீங்க செஞ்சது முழுக்க சரி. நோய் என்னன்னு தெரிஞ்ச டாக்டரு, காரணத்தோட எழுதுனாரு, பில்லு இருந்துச்சு, குளுமையா வந்துச்சு. தம்பிக்கு இதுல ஒண்ணுகூட இல்ல. இந்த மருந்தை நான் கெட்ட மருந்துன்னு சொல்லலை, என் கையால இந்த மாதிரி பெப்டைடு கட்டி அனுப்புறவன் நான், சரியான எடத்துக்கு போய் சேரணும்னுதான் எனக்கு அக்கறை.

---

சித்தூர் நர்ஸக்கா எழுதியது:

தம்பி, எல்லாரும் ஊசிய பத்தியே பேசறாங்க, நான் உங்க நைனாவ பத்தி பேசறேன். நீங்க எழுதுனத திரும்ப ஒருக்கா நீங்களே படிங்க. சுகர் இருக்கு. மாசக்கணக்குல இருமல். எடை கொறையுது. ராத்திரி வேர்வை. இத படிச்ச உடனே எனக்கு தைமஸ் ஞாபகம் வரலைபா, டிபிதான் ஞாபகம் வந்துச்சு. இருக்குன்னு சொல்லலை, இல்லைன்னு தெரிஞ்சிக்காம வேற எதுவும் செய்யக்கூடாதுன்னு சொல்றேன். சுகர் இருக்கறவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு ரெண்டு மூணு மடங்கு அதிகம். நடுநடுவுல ஆன்டிபயாடிக் குடுத்தா கொஞ்சம் அடங்குன மாதிரி இருந்து திரும்ப வர்றது டிபில ரொம்ப வழக்கமா நடக்கறதுதான், சில ஆன்டிபயாடிக் டிபிய அரைகுறையா அமுக்கி வச்சி கண்டுபுடிக்கறதையே தள்ளிப்போடும். அந்த கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்களே, சளி எடுத்தாங்களா? நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்களா? நீங்க எழுதலைன்னா எடுக்கலைன்னுதான் நெனைக்கிறேன், ஒண்ணேகால் லட்சம் கேக்கறவங்க மொதல்ல செய்ய வேண்டியது அதுதான்.

நகரி கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயே சளி குடுக்கலாம். ட்ரூநாட்டோ சிபிநாட்டோ போட்டு பாப்பாங்க, அதுல டிபி கிருமி இருக்கா, டிபிக்கு குடுக்கற முக்கிய மருந்து ரிஃபாம்பிசின் கேக்குமா கேக்காதான்னும் சேத்து தெரிஞ்சிடும். காசு கிடையாது. டிபின்னு வந்தா மாத்திரையும் இலவசம், சத்துணவுக்கு மாசம் 1000 ரூபா அக்கவுண்ட்ல போடறாங்க, முன்ன 500-ஆ இருந்துச்சு. பக்கத்து வீட்டுக்கு தெரிஞ்சிடுமேன்னு நம்ம பக்கம் நெறைய பேரு பயந்துகினு போறதே இல்ல, எத்தனை பேரு அப்படி முத்திப் போய் வந்து படுக்கறாங்கன்னு பாத்தவ நான், தயவு செஞ்சி அந்த கூச்சம் வேணாம். வீட்ல சின்ன புள்ளைங்க இருந்தா இன்னும் அவசரம்.

ரெண்டாவது, தறி. உங்க நைனா எத்தினி வருஷமா தறில நிக்கறாரு? பஞ்சு தூசியால மூச்சுக்குழாய் சுருக்கம் வர்றது உண்டு, பிசினோசிஸ்னு சொல்லுவாங்க. நூல் மில்லுல, பஞ்சு பிரிக்கற எடத்துலதான் அது ரொம்ப, நெசவுல அந்த அளவுக்கு இல்ல, ஆனா சின்ன கொட்டாய்ல ஜன்னலை மூடி வச்சி ராப்பகலா ஓட்டுனா அங்கயும் தூசிதான். அதுக்கு ஒரு அடையாளம் கேளுங்க, லீவு விட்டு திரும்ப தறி ஓட்ட ஆரம்பிக்கிற மொத நாளு நெஞ்சு புடிச்ச மாதிரி இறுக்குதா, அப்புறம் நாள் போகப்போக கொறையுதா? ஆமான்னா டாக்டர்ட்ட அத தவறாம சொல்லணும், ஊதிப் பாக்கற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட் எடுப்பாங்க. திருப்பதி ஸ்விம்ஸ், ரூயா ஆஸ்பத்திரில எல்லாம் எடுக்கலாம். பீடி பழக்கம் இருந்தா அதையும் மறைக்காதீங்க.

மூணாவது, சுகர் எந்த அளவுல இருக்கு? மூணு மாச சராசரி, எச்பிஏ1சி, எடுத்து பாருங்க. சுகர் கட்டுல இல்லைன்னா வெள்ளை அணு இருந்தும் சரியா வேலை செய்யாது, அப்ப எந்த ஊசியும் எதிர்ப்பு சக்திய தூக்காது. உண்மையா எதிர்ப்பு சக்திக்கு உதவற ஊசி வேணும்னா அது தடுப்பூசிதான். 65 தாண்டுனவங்களுக்கும் சுகர்காரங்களுக்கும் நிமோனியாவுக்கான நிமோகாக்கல் தடுப்பூசி உண்டு, ஃப்ளூ தடுப்பூசி வருஷா வருஷம். பெரியவங்களுக்கு கவர்மென்ட்ல சும்மா குடுக்கறது இல்ல, வெளிய வாங்கணும், ஆனா கிளினிக் கேட்ட காசுல ஒரு சின்ன பங்கு கூட ஆகாது. அதுவும் இப்ப இருக்கற இருமல் என்னன்னு தெரிஞ்சதுக்கப்புறம்.

கடைசியா உங்க மாமா. இத பெரிசா எழுதறேன், அக்காட்ட உடனே போன் போட்டு சொல்லுங்க. கிட்னி மாத்துனவருக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கறது நோய் இல்ல. டாக்டருங்க வேணும்னே டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், ஸ்டெராய்டு குடுத்து டி செல்லை அடக்கி வச்சிருக்காங்க, இல்லைன்னா அதுங்க புது கிட்னிய அந்நியம்னு தாக்கிடும். இந்த ஊசியோட வேலையே டி செல்லை உசுப்பறது. உறுப்பு மாத்துனவங்களுக்கு, லாபம் ஆபத்தை விட தெளிவா அதிகம்னு டாக்டர் முடிவு பண்ணாலொழிய குடுக்கக்கூடாதுன்னு மருந்தோட லேபிள்லயே இருக்கு. கிட்னி டாக்டருக்கு தெரியாம ஒரு சொட்டு கூட போகக்கூடாது. கிட்னி குடுத்தது யாரோ, அவங்க ஒடம்ப கிழிச்சி குடுத்திருக்காங்க தம்பி. இத ஒரு சலுகைன்னு சொன்னவங்க மேல எனக்கு வர்ற கோவத்தை இங்க எழுத முடியலை.

---

புத்தூர் ஜிம் பாய்ஸ் எழுதியது:

நடுவுல ஒரு சந்தேகம். எங்க ஜிம்ல தோள்பட்டை வலிக்கு டிபி 500-னு ஊசி போடறாங்க, அதுவும் தைமோசின்னுதான் சொல்றாங்க. அது இதேதானா? எங்க ஊரு எலும்பு கட்டுக்கு பேர் போன ஊரு, எண்ணெய் கட்டு போட்டும் எனக்கு கேக்கலை, அதான் யோசிக்கறேன்.

---

சத்தியவேடு ரங்கு எழுதியது:

இல்ல தம்பி, வேற. அது தைமோசின் பீட்டா 4 வகை, முழு பீட்டா 4-ல 43 அமினோ அமிலம், பேருதான் ஒண்ணு, வேலை வேற. டி செல்லுக்கும் அதுக்கும் சம்மந்தம் கம்மி, செல்லுக்குள்ள ஆக்டின்ன்ற புரதத்தை புடிச்சி வைக்கறதுதான் அதோட முக்கிய வேலை. விளையாட்டுல ஊக்கமருந்தை தடுக்கற வாடான்ற உலக அமைப்போட தடைப் பட்டியல்ல இருக்கு, போட்டிக்கு போறவங்க மாட்டிக்குவாங்க. தோள்பட்டைக்கு மனுஷங்க மேல செஞ்ச சரியான சோதனைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. ஜிம்ல வர்ற பாட்டிலும் அதே ரிசர்ச் பாட்டில்தான். ஸ்கேன் எடுத்து எலும்பு டாக்டர்ட்ட காட்டு.

---

பலமநேர் பால்கோவா எழுதியது:

ரங்கு அண்ணா, தைமுலினுக்கு துத்தநாகம் வேணும்னீங்களே, அப்ப ஜிங்க் மாத்திரை சாப்பிட்டா போதுமா? கொரோனா நேரத்துலேர்ந்து எங்க வீட்ல எல்லாரும் சாப்பிடறாங்க.

---

சத்தியவேடு ரங்கு எழுதியது:

ஒடம்புல ஜிங்க் கொறைவா இருந்தா தைமுலின் வேலை கொறையும், ஜிங்க் குடுத்தா திரும்ப ஏறும், இத ஆனந்த பிரசாத்ன்ற நம்ம நாட்டுல பொறந்த டாக்டரு அமெரிக்கால மனுஷங்க மேலயே பாத்து காட்டுனாரு. ஆனா கொறைவு இருக்கறவங்களுக்குத்தான் அந்த கணக்கு. போதுமான அளவு இருக்கறவங்க மேல மேல சாப்பிட்டா கூடுதல் பலம் வராது, ரொம்ப நாள் அதிக அளவுல சாப்பிட்டா செம்பு சத்து கொறைஞ்சி ரத்தசோகையே வரும். பருப்பு, கடலை, கேழ்வரகு, முட்டை, கறின்னு சாப்பாட்டுலயே வருது. மாத்திரைய வருஷக்கணக்கா எடுத்துகினு இருந்தா டாக்டர்ட்ட கேட்டுட்டு நிறுத்துங்க.

---

நகரி தறிவீடு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நர்ஸக்கா, படிச்ச உடனே அக்காவுக்கு போன் போட்டேன், மாமா இன்னும் ஊசி போடலை, அட்வான்ஸ்தான் குடுத்திருந்தாரு, அத திரும்ப கேட்டுகினு இருக்காரு, கிட்னி டாக்டர்ட்டயும் பேசிட்டாரு, அவரு வேணவே வேணாம்னு சொல்லிட்டாராம்.

நைனாட்ட லீவு விட்டு வர்ற மொத நாளு எப்படின்னு கேட்டேன். பொங்கல் லீவு, ஜாத்திரை லீவு முடிஞ்சி தறி ஓட்டுனா நெஞ்சு புடிக்கும், எனக்கு இருபது வருஷமாவே அப்படித்தான்டான்னு சாதாரணமா சொல்றாரு. இத்தினி நாளா நாங்க யாரும் கேக்கவே இல்ல, அவரும் சொல்லலை. எக்ஸ்ரே எடுக்கலை, சளியும் எடுக்கலை, நீங்க சொன்னது சரிதான். சித்தப்பா பையன்ட்ட சொன்னா அவன் கொஞ்சம் வருத்தப்படறான், நல்லதுக்குதானே கூட்டிகினு போனேன்றான், அவன் மேல தப்பு இல்லைன்னு சொல்லியிருக்கேன்.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு போறோம். சளி எப்படி குடுக்கணும், சாப்பிட்டு போலாமா, வெறும் வயித்துலயா? வெறும் எச்சிலா வந்தா செல்லாதுன்னு யாரோ சொன்னாங்க.

---

சித்தூர் நர்ஸக்கா எழுதியது:

நல்லா கேட்டபா. ரெண்டு சளி கேப்பாங்க, ஒண்ணு அங்கயே அப்பவே, இன்னொண்ணு காலைல எழுந்த உடனே எடுக்கறது. டப்பா அவங்களே குடுப்பாங்க. காலைல பல் வெளக்கறதுக்கு முன்னாடி, ஒண்ணும் சாப்பிடாம, வெறும் தண்ணில வாய் கொப்பளிச்சிட்டு, ரெண்டு மூணு தடவ நல்லா மூச்சை இழுத்து விட்டு, அடி நெஞ்சுலேர்ந்து இருமி துப்பச் சொல்லு. கெட்டியா, மஞ்சளா வரணும், நொரையா தண்ணியா வந்தா அது எச்சில். வீட்டுக்குள்ள எடுக்க வேணாம், வெளிய காத்தோட்டமா இருக்கற எடத்துல, மத்தவங்க கொஞ்சம் தள்ளி நிக்கட்டும். மூடிய இறுக்கி மூடி அன்னிக்கே கொண்டு போய் குடுத்துடுங்க.

கிளினிக் ரிப்போர்ட், இதுவரைக்கும் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் சீட்டு, சுகர் மாத்திரை அட்டை, எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துகினு போ. லெவோஃபிளாக்சசின்னு ஏதாவது அட்டையில இருந்தா அத மறக்காம காட்டு, அது டிபிய மறைச்சி வைக்கற மருந்துங்கள்ல ஒண்ணு. சளில ஒண்ணும் இல்லைன்னு வந்தாலும் அத்தோட திரும்பி வந்துடாத, எக்ஸ்ரேவ பாத்து டாக்டர் சொல்றவரைக்கும் இருங்க, லீவு நாள் கதைய நைனாவே டாக்டர்ட்ட தன் வாயால சொல்லட்டும். அதுவரைக்கும் நைனா மாஸ்க் போடட்டும், தறி கொட்டாய்க்கு போக வேணாம். ரிசல்ட் வந்தா இங்க எழுது.